இளம் போர்தோவில் என்ன பார்ப்பது?

கேள்வி: பிரான்ஸின் போர்தோ சிவப்பு ஒயினை, அறுவடைக்கு அடுத்த வசந்தத்திலேயே பீப்பாயிலிருந்து எடுத்துச் சுவைத்து மதிப்பெண் போடுகிறார்களே, வாயெல்லாம் துவர்க்கும் அந்தப் பருவத்தில் என்னதான் தெரியும்?

பதில்: நிறையவே தெரியும். துவர்ப்பு குறையே இல்லை, திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின் அது; அதன் தன்மையைத்தான் பார்க்க வேண்டும். ஈறு வறண்டாலும் மெல்லிய பொடி போலப் படிந்தால் நல்லது, பச்சையாகக் கசந்தால் பழம் சரியாகப் பழுத்திருக்காது. அப்புறம், துப்பிய பிறகும் பழச்சுவை நாக்கில் நிற்கிறதா பாருங்கள், என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம். போர்தோவின் மெதோக் பகுதியில் பெரும்பாலும் காபர்னே சாவின்யோன் என்ற திராட்சை, அதனால் ஒயின் இறுக்கமாக இருக்கும். பொமெரோல் பகுதியில் மெர்லோ திராட்சை, சீக்கிரமே இளகிவிடும். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். புது ஓக் மரப் பீப்பாய் தரும் வாசனைக்கும் மயங்க வேண்டாம்.