கொட்டேஷன் ஹாம்பர்க்கிலேயே நின்றுவிடுகிறது

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. பத்தமடையில் எங்கள் குழு கோரைப்பாய், மேசை விரிப்பு, கைப்பை செய்கிறது. வருகிற பிப்ரவரியில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் நடக்கும் அம்பியன்டே கண்காட்சியில் முதல்முறையாகச் சின்ன ஸ்டால் எடுத்திருக்கிறோம். நாலு பெட்டி சரக்கு, நெய்து காட்ட ஒரு சின்னத் தறி, பாட்டி நெய்த பழைய கல்யாணப் பாய் ஒன்று, ஸ்டாலுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கொஞ்சம் அல்வா. இரண்டு பேர் கொட்டேஷன் கொடுத்தார்கள். ஒருவருடையது மற்றவர் கேட்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சிஐஎஃப், சார்ஜபிள் வெயிட், எம்டீஸ், டிரேயேஜ், கார்னெட் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. குறைந்த விலைக்காரர் கார்னெட் கட்டாயம் என்றும், அதற்கான டெபாசிட்டைத் தன் கணக்கில் போடச் சொல்லியும் கேட்கிறார். எதை எடுப்பது?

பதில்: குறைந்த விலையை எடுக்காதீர்கள். காரணம் அந்தத் தாளிலேயே இருக்கிறது: 'சிஐஎஃப் ஹாம்பர்க்'. கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் ஹாம்பர்க் துறைமுகம் வரைக்கும்தான், அதற்கு மேல் அவர் பொறுப்பில்லை என்று அர்த்தம். உங்கள் ஸ்டால் இருப்பது பிராங்க்பர்ட்டில். ஹாம்பர்க்கிலிருந்து ரோட்டு வழியாகச் சுமார் 500 கிலோமீட்டர், அதாவது திருநெல்வேலியில் ஏறினால் விழுப்புரம் தாண்டுகிற தூரம். அந்தத் துறைமுகத்தில் இறக்குகிற கூலி, சரக்கை எடுக்க விடுகிற டெலிவரி ஆர்டர் தாளுக்குக் கட்டணம், சுங்கம் முடிக்கிற ஏஜென்ட் செலவு, லாரி, ஹாலுக்குள் ஃபோர்க்லிஃப்ட், இத்தனையும் யூரோவில், நீங்கள் அங்கே போய் நிற்கும்போது தலையில் வந்து விழும். அப்போது பேரம் பேச முடியாது. நாளைக் காலை கண்காட்சி திறக்கிறது, பெட்டி கிட்டங்கியில் கிடக்கிறது என்றால் கேட்டதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

கன்டெய்னரில் கொஞ்சம் இடம் எடுத்து அனுப்புகிற எல்சிஎல் சரக்கில் இது பழைய வித்தை. கப்பல் கூலி 'ஜீரோ' என்றுகூடச் சிலர் எழுதுவார்கள். யாரும் சும்மா ஏற்றிக்கொண்டு போகமாட்டார்கள். அந்தக் கூலியை இறங்குகிற ஊரில் இருக்கும் அவர்களுடைய கூட்டாளி வேறு பெயரில் வசூலிப்பார். பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடி வரை இப்படி ஒருவர் உங்களிடம் வந்து "எல்லாம் நான் பாத்துக்கிடுதேன், நீங்க பேசாம இருங்க" என்பார். அந்த 'எல்லாம்' எது எது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அதோடு போன் எடுக்கமாட்டார்கள். ஏற்றுமதி செய்யத் தேவையான ஐஇசி எண் எடுத்துத் தர ஆயிரக்கணக்கில் கேட்பதும் இந்த ஆட்கள்தான். மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் துறையான டிஜிஎஃப்டியின் தளத்தில் அதற்குக் கட்டணம் வெறும் 500 ரூபாய், நீங்களே போடலாம்.

'டோர் டு டோர்' என்று இருந்தாலும் மயங்கவேண்டாம். எந்த டோர்? கண்காட்சி வளாகத்தின் கேட்டோடு கூரியர் வண்டி நின்றுவிடலாம், உள்ளே பெட்டியைத் தள்ளிக்கொண்டு போவது பெரும்பாலும் அமைப்பாளர் நியமித்த ஏஜென்டின் உரிமை. 'டோர் டு ஸ்டாண்ட்' என்று இருக்கவேண்டும், திரும்பி வருகிற பயணமும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று தனியாகக் கேட்கவேண்டும். பெட்டியின் மேல் யார் பெயருக்குப் போகிறது என்பதும் முக்கியம். அமைப்பாளர் அனுப்பும் ஷிப்பிங் குறிப்பில் கன்சைனி, அதாவது சரக்கைப் பெறுகிறவர் என்று என்ன போடச் சொல்லியிருக்கிறதோ அதையே எழுத்துப் பிசகாமல் போடுங்கள், கூடவே கண்காட்சிப் பெயர், ஹால் எண், ஸ்டாண்ட் எண், நான்கில் ஒன்று, நான்கில் இரண்டு என்ற வரிசை. உங்கள் பெயரைப் போட்டால் அந்த நாட்டில் இறக்குமதியாளர் யார் என்ற கேள்வி வந்து பெட்டி நின்றுவிடும்.

அடுத்து சார்ஜபிள் வெயிட். பாய்க்காரர்கள் எல்லாரும் இதில்தான் அடிவாங்குகிறார்கள். எடை குறைச்சல், இடம் அதிகம். உங்கள் பெட்டி 120 சென்டிமீட்டர் நீளம், அகலமும் உயரமும் 60 என்று வைத்துக்கொள்வோம், தராசில் 24 கிலோ. விமானத்தில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 6000ஆல் வகுப்பார்கள்: 72 கிலோ. எது அதிகமோ அதற்குத்தான் கூலி. நாலு பெட்டிக்கு 96 கிலோ என்று நினைத்துப் போனால் பில் 288 கிலோவுக்கு வரும். கூரியர்காரர்கள் 5000ஆல் வகுப்பார்கள், அப்போது அதே பெட்டி 86 கிலோவைத் தாண்டும். கப்பலில் ஒரு கன மீட்டரையும் ஒரு டன்னையும் சமமாக வைத்துப் பார்ப்பதால் உங்களுக்கு எடை பிரச்சினையே இல்லை, நாலு பெட்டியும் சேர்ந்து 1.728 சிபிஎம், அதாவது கன மீட்டர். மூன்று விரிப்பைத் தனித்தனியாகச் சுருட்டாமல் ஒன்றுக்குள் ஒன்றாக இறுக்கிச் சுருட்டினால் பெட்டி உயரம் பத்து சென்டிமீட்டராவது குறையும். ஏஜென்டிடம் பேரம் பேசுவதைவிட அதில் மிச்சம் அதிகம்.

டிரேயேஜ் அமெரிக்கக் கண்காட்சிச் சொல். அங்கே கிட்டங்கியிலிருந்தோ லாரியிலிருந்தோ ஸ்டாலுக்கும், முடிந்தபின் திரும்பவும் கொண்டுபோக, 100 பவுண்டு அதாவது 45 கிலோ கணக்கில் வாங்குவார்கள், பெரும்பாலும் 200 பவுண்டு குறைந்தபட்சம். பிராங்க்பர்ட் கொட்டேஷனில் அது எதற்கு? அதிக விலைக்காரர் வேறு யாருக்கோ போட்ட தாளைக் காப்பியடித்திருக்கிறார், அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். எம்டீஸ் என்பது காலிப் பெட்டிகள். ஸ்டாலில் அடுக்கியபின் பெட்டியை எடுத்துப் போய் வைத்திருந்து கடைசி நாள் மாலை கொண்டுவருவார்கள், சிபிஎம் கணக்கில் காசு. எம்டி ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியில் ஒரு கைப்பையைக்கூட மறந்து வைக்காதீர்கள், அதற்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள்.

இப்போது கார்னெட். கட்டாயம் என்று உங்களிடம் சொன்னவர் ஒன்று தெரியாமல் சொல்கிறார், அல்லது டெபாசிட் மேல் கண். ஏடிஏ கார்னெட் என்பது, இந்தப் பொருளைக் காட்டிவிட்டு அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிடுவேன், அதனால் அங்கே இறக்குமதி வரி கேட்காதே என்று சொல்லுகிற ஒரு புத்தகம். அதிகபட்சம் ஓராண்டுக்குச் செல்லும். இந்தியாவில் அதைக் கொடுப்பது ஃபிக்கி என்கிற வர்த்தகக் கூட்டமைப்பு. டெபாசிட்டும் ஃபிக்கிக்குத்தான் நேரடியாகப் போகவேண்டும், எல்லா முத்திரையும் விழுந்த புத்தகத்தை ஒப்படைத்தபின் அது உங்களுக்குத்தான் திரும்பவேண்டும். ஏஜென்ட் கணக்கில் ஒரு ரூபாய் போடாதீர்கள்.

நாலு பெட்டியில் இருப்பது விற்கிற சரக்கு, ஆர்டர் பிடித்து அங்கேயே கொடுத்துவிட்டு வரப்போகிற சரக்கு. அதற்குக் கார்னெட் ஒத்துவராது. சுங்கத்துக்குக் கொடுக்கிற ஏற்றுமதித் தாளான சாதாரண ஷிப்பிங் பில் போட்டு அனுப்பி, அங்கே உள்ள வரியைக் கட்டி, விற்கலாம். இலவசமாகக் கொடுக்கிற சாவிக்கொத்து, நோட்டீஸ் இதெல்லாமும் கார்னெட்டில் வராது, அவை திரும்பி வராத பொருள். அல்வாவும் அப்படித்தான், தங்கச்சி. நெய் சேர்ந்த தின்பண்டத்துக்குத் தனிக் கெடுபிடி உண்டு, ஒரு டப்பா அல்வாவுக்காக மொத்தச் சரக்கையும் திறந்துவைத்துக்கொண்டு நிற்கவேண்டாம்.

ஆனால் தறியும் பாட்டியின் பாயும் வேறு கதை. அவை இரண்டும் திரும்பி வரவேண்டியவை, கார்னெட் சரியாகப் பொருந்துவது அவற்றுக்குத்தான். பட்டியலில் தறியின் ஒவ்வொரு துண்டையும் எழுதுங்கள்: மூங்கில் கால், குறுக்குச் சட்டம், அச்சு, ஒவ்வொன்றின் எடையும் மதிப்பும். புத்தகம் கொடுத்தபின் ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது. கல்யாணப் பாயைக் கையோடு விமானத்தில் கொண்டுபோவதுதான் நல்லது. திருவனந்தபுரத்தில் ஏறுவதாக இருந்தால் லக்கேஜைப் போடுவதற்கு முன்னாடியே சுங்கத்தில் பாயைக் காட்டி கார்னெட் புத்தகத்தின் மஞ்சள் தாளில் முத்திரை வாங்குங்கள். பிராங்க்பர்ட்டில் இறங்கியதும் சுங்கத்தில் காட்ட ஒன்றுமில்லாதவர்கள் போகிற பச்சை வழியில் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே நடந்துவிடாதீர்கள். சிவப்பு வழியில் போய் வெள்ளைத் தாளில் இறக்குமதி முத்திரை, திரும்பும்போது மறுபடி வெள்ளைத் தாளில் வெளியேறிய முத்திரை, ஊரில் இறங்கியதும் மஞ்சள் தாளில் உள்ளே வந்த முத்திரை. இதில் அந்த நாட்டை விட்டு வெளியேறுகிற முத்திரையைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். அசதியில் நேராகப் போர்டிங்குக்குப் போய்விடுவார்கள். பாய் பத்தமடை வீட்டுப் பரணில் இருக்கும், ஜெர்மனிக்காரன் கணக்கில் அது இன்னும் ஜெர்மனியில் இருக்கும், பல மாதம் கழித்து வரி கேட்டு ஓலை வரும். ஒருவேளை அங்கே யாராவது அந்தப் பாயையே விலைக்குக் கேட்டால்? கொடுக்கவே கூடாது என்றில்லை, அங்கே சுங்கத்தில் போய் வரி கட்டிக் கணக்கை முடிக்கவேண்டும், கண்காட்சி நடுவில் அந்த அலைச்சல் உங்களால் ஆகாது. பாட்டி நெய்ததை விற்கவும் மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

மரப்பெட்டி விஷயம். கள்ளிப்பெட்டி அடிக்க ஆசாரியிடம் சொல்லிவிடாதீர்கள். மரத்தில் பூச்சி போகாமலிருக்க உள்ள ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதிப்படி, பதப்படுத்தாத மரத்தை உள்வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்து, சூடு காட்டியதற்கான எச்டி (HT) முத்திரை குத்தியிருக்கவேண்டும். முத்திரையை மட்டும் குத்திக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். பிளைவுட்டுக்கும் அட்டைப்பெட்டிக்கும் இந்த விதி இல்லை, உங்கள் சரக்குக்குக் கனமான அட்டை போதும்.

தேதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இப்போது ஆவணி, நிறைய நாள் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் பிப்ரவரிக் கண்காட்சிக்கு ஜனவரி கடைசியில் சரக்கு அங்கே இருக்கவேண்டும். கொழும்பில் கப்பல் மாற்றி, கன்டெய்னர் நிறையும்வரை காத்திருந்து போகிற சரக்கு இது. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியதிலிருந்து பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கி, பத்துப் பதினாலு நாள் கூடுதலாகப் பிடித்தது. எந்த வழி போகும் என்று கேளுங்கள். எப்படிப் பார்த்தாலும் ஐப்பசி முடிவில் சரக்கு கைவிட்டுப் போகவேண்டும், அதாவது நல்ல அடைமழையில் பேக்கிங். கோரையில் ஈரம் இருந்தால் கன்டெய்னர் புழுக்கத்தில் பூசணம் பிடிக்கும், பெட்டி திறக்கும்போதே வாடை அடிக்கும். புரட்டாசி வெயிலிலேயே காயவைத்துக் கட்டிவிடுங்கள், உள்ளே ஈரம் உறிஞ்சும் பை போடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் போக்குவரத்தே அறுந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம், கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள்.

ஜிஎஸ்டி பற்றிக் கேட்கவில்லை, ஆனால் யாராவது பயமுறுத்துவார்கள். 2019 ஜூலையில் வந்த 108ஆம் எண் சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது: விற்பனை முடிவாகாமல் கண்காட்சிக்கு வெளிநாடு போகிற சரக்கு சப்ளை ஆகாது, டெலிவரி சலான் போதும், வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கிற பாண்டோ எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதமோ வேண்டாம், ஆறு மாதத்துக்குள் விற்கவோ திருப்பிக் கொண்டுவரவோ வேண்டும். இருந்தும் ஒரு மேசையில் சலான் போதும் என்பார்கள், அடுத்த மேசையில் இன்வாய்ஸ் எங்கே என்பார்கள். ஒரே சர்க்கார், ஒரே கட்டடம், ஒரு ஆள் எழுதியதை இன்னொரு ஆள் படிப்பதில்லை, நடுவில் அலைவது நாம். சுற்றறிக்கையை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வாய்ச்சண்டையைவிட அது வேலை செய்யும்.

சிஐஎஃப் இன்சூரன்ஸ் குறைந்தபட்சப் பாதுகாப்புதான், கண்காட்சி நாட்களும் திரும்புகிற வழியும் சேர்ந்த பாலிசி தனியாக எடுங்கள். அதிக விலைக்காரரிடம் டிரேயேஜை நீக்கி, ஸ்டாண்டில் வைக்கிறவரைக்கும், எம்டீஸும் திரும்புகிற பயணமும் சேர்த்து, ரூபாயில் ஒரே தொகையாக எழுதிக் கேளுங்கள். தர மறுத்தால் புரட்டாசி பிறப்பதற்குள் மூன்றாவது ஆளிடம் கேட்டுவிடுங்கள்.