ஆர்ச்டீக்கன் என்னும் பட்டம்: கேள்வி பதில்

திருச்சபை நிர்வாகப் பட்டங்களுள் ஒன்றாகிய ஆர்ச்டீக்கன் பற்றி வாசகர்கள் கேட்ட வினாக்களும், திருச்சபை வரலாற்றை நெடுங்காலமாகப் பயின்றுவரும் உறுப்பினர் ஒருவர் அளித்த விடைகளும்.

கேள்வி (பாளையங்கோட்டை, ஆசிரியை): ஐயா, வணக்கம். எங்கள் ஆலயச் சுவரிலுள்ள பழைய நினைவுக் கல்லில் ஒருவரை "ஆர்ச்டீக்கன்" என்று குறித்திருக்கிறார்கள். இதன் பொருள் என்ன? தமிழில் எப்படிச் சொல்வது?

பதில்: வணக்கம் அம்மா. இது கிரேக்கச் சொல். 'ஆர்க்கி' என்பது தலைமையைக் குறிக்கும். 'தியாகொனொஸ்' என்பது பணிவிடை செய்பவரை, குறிப்பாகப் பந்தியில் பரிமாறுபவரைக் குறிக்கும். எருசலேமில் விதவைகளுக்கு அன்றாட உணவு பகிர்வதில் முறுமுறுப்பு எழுந்தபோது, அதைக் கவனிக்க ஸ்தேவான் உள்ளிட்ட ஏழு பேர் தெரிந்துகொள்ளப்பட்டதை அப்போஸ்தலருடைய நடபடிகள் 6ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்த எழுவரிலிருந்தே இந்தப் பணி தொடங்கியதாகத் திருச்சபை மரபு கொள்கிறது.

நம் பழைய தமிழ் வேதாகமத்தில் பிலிப்பியர் நிருபத்தின் முதல் வசனத்தை எடுத்துப் பாருங்கள். "கண்காணிகளுக்கும், உதவிக்காரருக்கும்" என்று வரும். மேலிருந்து பார்ப்பவர் என்று பொருள்படும் 'எபிஸ்கொப்பொஸ்' என்ற சொல்லே அங்கே கண்காணியாகியிருக்கிறது. அவரே பிற்காலத்து ஆயர். 'தியாகொனொஸ்' உதவிக்காரர் ஆனார். தோட்டத்துக் கங்காணியின் நினைவு வந்துவிடுவதால் முதற்சொல் இன்று சிலருக்கு உறுத்தலாம். ஆனால் மூலச்சொல்லின் பொருளை இவ்வளவு நேராகப் பிடித்த மொழிபெயர்ப்பு அரிது என்பேன். உதவிக்காரருள் தலைவரே ஆர்ச்டீக்கன். கத்தோலிக்கத் தமிழில் டீக்கனைத் திருத்தொண்டர் என்பதால், பழைய ரோமாபுரியைப் பற்றி எழுதும்போது 'தலைமைத் திருத்தொண்டர்' என்பது பொருந்தும். ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) பட்டத்தைப் பற்றி எழுதும்போது ஆர்ச்டீக்கன் என்றே விடுவது நல்லது. ஏன் என்பது கீழே வரும் விடைகளில் விளங்கும்.

கேள்வி (திருச்சி, இறையியல் மாணவர்): திருத்தொண்டர் குருவுக்குக் கீழ்ப்பட்ட நிலை அல்லவா? அப்படியிருக்க, தலைமைத் திருத்தொண்டர் குருக்களையே அதட்டி நடத்தும் அளவுக்கு எப்படி உயர்ந்தார்?

பதில்: பணப்பெட்டி அவரிடம் இருந்தது. அதுவே நேரான விடை. குரு பலிபீடத்தில் நின்றார்; திருத்தொண்டரோ காணிக்கையைக் கணக்கில் வைத்து ஏழைகளுக்குப் பகிர்ந்தார், ஆயரின் ஓலைகளைக் கொண்டு சென்றார், எந்தக் குரு எங்கே எப்படி நடக்கிறார் என்று ஆயரிடம் சொன்னார். கி.பி. 258இல் வலேரியன் பேரரசர் காலத்தில் கொல்லப்பட்ட புனித லாரன்ஸ் ரோமாபுரியின் தலைமைத் திருத்தொண்டர். திருச்சபையின் செல்வத்தை ஒப்படைக்கும்படி அதிகாரி கேட்டபோது, அவர் ஏழைகளையும் முடவர்களையும் கூட்டிவந்து நிறுத்தி, "இவர்களே எங்கள் செல்வம்" என்றாரென்று மரபு சொல்லும். அந்தக் கேள்வி ஏன் அவரிடம் கேட்கப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள்: செல்வம் யார் பொறுப்பில் இருந்ததென்று அதிகாரிக்குத் தெரிந்திருந்தது.

ஆயர் மறைந்தால் அவருடைய இடத்துக்குத் தலைமைத் திருத்தொண்டரே வருவதும் பல முறை நடந்தது. ரோமாபுரியின் ஆர்ச்டீக்கனாக இருந்த ஹில்டெபிராண்ட் 1073இல் ஏழாம் கிரகோரி என்ற பெயரில் திருத்தந்தையானார். இங்கிலாந்தில் 1154இல் கேன்டர்பரியின் ஆர்ச்டீக்கனான தாமஸ் பெக்கெட் 1162இல் அதே இடத்தின் பேராயரானார்.

கேள்வி (மதுரை): மறைமாவட்ட முதன்மைக் குரு என்று இன்று சொல்கிறோமே, அவரும் இவரும் ஒருவர்தானா?

பதில்: அல்ல. ஆர்ச்டீக்கனின் அதிகாரத்தைக் குறைப்பதற்கென்றே முதன்மைக் குரு கொண்டுவரப்பட்டார் என்று சொன்னாலும் மிகையாகாது.

ஐரோப்பாவில் ஆயரின் ஆட்சிப் பகுதிகளாகிய மறைமாவட்டங்கள் பெரியவை. ஆயர் அவற்றைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆர்ச்டீக்கனை அமர்த்தினார். காலப்போக்கில் அந்தப் பதவி மானியத்தோடு கூடிய உரிமையாகிவிட்டது: அமர்த்திய ஆயராலேயே அவரை எளிதில் நீக்க முடியவில்லை. அவர் தமக்கென நீதிமன்றம் வைத்தார், அபராதம் விதித்தார், ஊர் ஊராக விசாரணைக்குப் போனபோது தம் பரிவாரத்தின் செலவை அந்தந்த ஊர்க் குருவின் தலையில் வைத்தார். 1179இல் ஆயர்கள் கூடிய பேரவையாகிய மூன்றாம் லாத்தரன் சங்கம் இதைத் தடுக்கவே ஒரு சட்டம் செய்ய வேண்டியிருந்தது. விசாரணைக்குப் போகும் ஆர்ச்டீக்கனுடன் ஐந்து அல்லது ஏழு குதிரைகளுக்கு மேல் போகக்கூடாது, வேட்டை நாய்களையும் வேட்டைப் பறவைகளையும் கொண்டுபோகக்கூடாது என்பது அதன் சாரம். விருந்தோம்புவதற்காக ஆலயத்தின் பொருள்களையே விற்க நேர்ந்ததாகவும், பல நாள் உணவு ஒரு சிறு பொழுதில் தீர்ந்துபோவதாகவும் அச்சட்டமே வருந்துகிறது. ஆர்ச்டீக்கன் ஒருவர் மோட்சம் சேரக் கூடுமா என்ற கேள்வி கற்றோரிடையே அந்த நூற்றாண்டில் வழங்கியதென்பதை அக்காலத்து ஆங்கில அறிஞர் சாலிஸ்பரி ஜானின் கடிதம் ஒன்றால் அறிகிறோம். விதவைகளுக்குச் சோறு பரிமாறத் தொடங்கிய பணி இந்த இடத்துக்கு வந்து நின்றதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

ஆகவே 13ஆம் நூற்றாண்டு முதல் ஆயர்கள் தாமே விரும்பி அமர்த்தவும் நீக்கவும் கூடிய பதிலாள் ஒருவரை வைத்துக்கொண்டார்கள். அவரே இன்றைய முதன்மைக் குருவின் முன்னோடி. அவருடைய அதிகாரம் ஆயரின் அதிகாரத்தைச் சார்ந்தது. ஆயர் பதவி காலியானால் அதுவும் முடிந்துபோகும். 16ஆம் நூற்றாண்டில் திரிதெந்து சங்கம் திருமண வழக்குகளையும் குற்ற வழக்குகளையும் ஆர்ச்டீக்கன்களிடமிருந்து எடுத்து ஆயரிடம் கொடுத்த பின், கத்தோலிக்கரிடையே அப்பட்டம் பெரும்பாலும் வெறும் மரியாதைப் பெயராகத் தேய்ந்தது.

கேள்வி (நாகர்கோவில்): கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களின் வரலாற்றில் 'அர்க்கதியாக்கோன்' என்ற பெயர் அடிக்கடி வருகிறது. அவர் ஆயரைவிடப் பெரியவர் போலத் தோன்றுகிறதே?

பதில்: அர்க்கதியாக்கோன் என்பது ஆர்ச்டீக்கன் என்ற அதே பட்டந்தான். அவர் திருநிலையில் பெரியவர் அல்லர், ஊர்க் காரியத்தில் பெரியவர். இந்தப் பட்டத்தின் வரலாற்றிலேயே மிக உயிரோட்டமான பகுதி நம் பக்கத்து நாட்டில்தான் நடந்தது என்பதால், சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தோமா கிறிஸ்தவர்களுக்கு ஆயர்கள் மெசப்பொத்தாமியாவிலிருந்து வந்தார்கள். சிரிய மொழி பேசிய அவர்கள் ஊருக்கும் மக்களின் வழக்கத்துக்கும் புதியவர்கள். திருநிலைப்படுத்துவதும் ஆசீர்வதிப்பதும் அவர்கள் வேலை. வழக்குத் தீர்ப்பது, அரசர்களிடம் பேசுவது, ஆலயங்களின் பொருளை மேற்பார்ப்பது எல்லாம் உள்ளூர்க்காரரான அர்க்கதியாக்கோனுடையவை. பகலோமற்றம் குடும்பத்தில் இப்பதவி வழிவழியாக வந்ததென்பது மரபு. 'ஜாதிக்குக் கர்த்தவ்யன்' என்ற மலையாளப் பெயரும் அவருக்கு உண்டு. சமுதாயத்தின் காரியத்துக்குப் பொறுப்பானவர் என்பது அதன் கருத்து. கிரேக்கச் சொல்லைவிட இந்தப் பெயரே அவருடைய வேலையைச் சரியாகச் சொல்கிறது.

1597இல், மெசப்பொத்தாமியாவிலிருந்து வந்த ஆயர் மார் ஆபிரகாம் ('மார்' என்பது ஆயருக்குரிய சிரிய மரியாதைச் சொல்) அங்கமாலியில் மறைந்தபின் பொறுப்பை அர்க்கதியாக்கோன் ஜார்ஜ் ஏற்றார். 1599 ஜூனில் கோவாவின் பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் சங்கம் கூட்டி, கீழைச் சிரிய மரபோடு இருந்த தொடர்பை அறுத்தார். அதற்குப்பின் இலத்தீன் ஆயர்கள் வந்தார்கள். இந்த ஆயர்கள் உள்ளூர் ஆட்சியையும் தம் கையிலேயே வைத்துக்கொள்ள விரும்பினார்கள். அர்க்கதியாக்கோனுக்கும் அவர்களுக்கும் அரை நூற்றாண்டு நீண்ட பூசலின் வேர் இதுவே என்பது என் கருத்து: வழிபாட்டு முறை பற்றிய மனக்குறையோடு, நம்மை ஆள்பவர் யார் என்ற கேள்வியும் அதில் இருந்தது.

1652இல் அஹத்தல்லா என்ற சிரிய ஆயர் இந்தியா வந்தபோது, போர்த்துக்கீசியர் அவரை மயிலாப்பூரில் தடுத்து வைத்தனர். தோமாவின் கல்லறைக்குத் திருப்பயணமாக வந்திருந்த மலையாளச் செம்மாசர் (டீக்கன்கள்) சிலர் அங்கே அவரைச் சந்தித்து, அவருடைய கடிதத்தை அர்க்கதியாக்கோன் தோமாவிடம் சேர்த்தனர். அஹத்தல்லாவை ஏற்றிய கப்பல் கொச்சிக்கு வந்தும், திரண்டு நின்ற மக்களுக்கு அவரைக் காட்டப் போர்த்துக்கீசியர் மறுத்துவிட்டார்கள். 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில், இலத்தீன் ஆயருக்கு இனிப் பணிவதில்லை என்று மக்கள் சத்தியம் செய்தார்கள். எல்லாருக்கும் சிலுவையைத் தொட இடமில்லாததால் அதில் கயிறுகளைக் கட்டி, கயிற்றைப் பிடித்தபடி சத்தியம் செய்தார்களென்றும், இழுப்பில் சிலுவை சாய்ந்ததால் கூனன் குரிசு என்று பெயர் வந்ததென்றும் சொல்வர்.

அதே ஆண்டு மே 22இல் ஆலங்காட்டில் பன்னிரண்டு குருக்கள் கைவைத்து, அர்க்கதியாக்கோன் தோமாவை முதலாம் மார் தோமா என்ற பெயரில் ஆயராக்கினார்கள். ஆயர் ஒருவரும் கைவைக்காமல் ஆயரானது செல்லுமா என்ற வழக்கு அதனால் எழுந்தது. 1663இல் ரோமாபுரியின் சார்பில், மார் தோமாவின் உறவினரான பரம்பில் சாண்டி ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டபோது சமுதாயம் இரண்டாகப் பிரிந்தது. 1665இல் அந்தியோக்கியா மரபைச் சேர்ந்த மார் கிரகோரியோஸ் வந்து மார் தோமாவின் பக்கம் நின்றார். உள்ளூர்த் தலைவரே ஆயரும் ஆகிவிட்டதால், தனியே அர்க்கதியாக்கோன் என்ற பதவிக்குப் பழைய இடம் இல்லாமற்போயிற்று.

கேள்வி (சென்னை): சென்னைக்கும் ஆர்ச்டீக்கன் இருந்தாரா?

பதில்: இருந்தார், ஆயர் வருவதற்கு முன்பே. கிழக்கிந்தியக் கம்பெனிக்கான 1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தின்படி கல்கத்தாவுக்கு ஓர் ஆயரும், கல்கத்தா, சென்னை, பம்பாய்க்கு ஒவ்வோர் ஆர்ச்டீக்கனும் ஏற்படுத்தப்பட்டனர். பிறகு இலங்கையும் ஆஸ்திரேலியாவுங்கூட அந்த ஒரே கல்கத்தா ஆயரின் பொறுப்பில் சேர்ந்தன. அவ்வளவு தொலைவை ஒருவர் சுற்ற இயலாதல்லவா? சுற்ற முயன்ற ஆயர் ஹீபர் 1826 ஏப்ரல் 3 அன்று திருச்சியில் இறந்தார். அப்போது அவருடன் பயணம் செய்த தாமஸ் ராபின்சன் பின்னர் சென்னையின் ஆர்ச்டீக்கனானார். 1835இல் சென்னை தனி மறைமாவட்டமானபோது அதன் முதல் ஆயராக வந்த டேனியல் காரி, அதற்குமுன் கல்கத்தாவின் ஆர்ச்டீக்கன். இலங்கை ஆங்கிலிக்கன் திருச்சபையில் இப்பட்டம் இன்றும் வழங்குகிறது.

கேள்வி (கோவை): சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பேராயரும் கத்தோலிக்கப் பேராயரும் ஒரே பதவியா?

பதில்: இல்லை. கத்தோலிக்கர் ஆயர் என்பவரையே சி.எஸ்.ஐ.யில் பேராயர் என்கிறார்கள். கத்தோலிக்கப் பேராயர் உயர்மறைமாவட்டத்தின் தலைவர். பழைய நூல்களில் காணும் 'மேற்றிராணியார்' என்பதும் ஆயரையே குறிக்கும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): இன்று இவர்கள் செய்யும் வேலை என்ன? இவர்கள் இன்னும் டீக்கன்களா?

பதில்: கீழை ஆர்த்தொடாக்ஸ் திருச்சபைகளில் ஆம், அங்கே ஆர்ச்டீக்கன் இன்றும் உண்மையான டீக்கன்தான். இங்கிலாந்துத் திருச்சபையில் அவர் குருவாக இருந்தே ஆகவேண்டும். திருநிலை பெற்று ஆறு ஆண்டுகளும் நிறைந்திருக்க வேண்டும். பெயரில் டீக்கன், நிலையில் குரு என்பதாலேயே அச்சொல்லைத் தமிழாக்காமல் விடச் சொன்னேன். 1996இல் டன்பிரிட்ஜின் ஆர்ச்டீக்கனான ஜூடித் ரோஸ், இங்கிலாந்துத் திருச்சபையில் அப்பதவிக்கு வந்த முதற்பெண்.

ஆலயக் கட்டடம் பழுதில்லாமல் இருக்கிறதா, பாத்திரங்கள் பட்டியலின்படி இருக்கின்றனவா என்று பார்ப்பதும், ஆலயக் காப்பாளர்களைப் பதவியில் அமர்த்துவதும் அங்கே ஆர்ச்டீக்கனுடைய கடமைகள். இடைக்காலத்தவர் அவரை 'ஆயரின் கண்' என்றது இதற்காகவே. புதிய குரு ஒருவர் பொறுப்பேற்கும் நாளில், ஆர்ச்டீக்கன் அவருடைய கையைப் பிடித்து ஆலயக் கதவின் சாவிமீதோ கைப்பிடிமீதோ வைப்பார். பிறகு அந்தக் குரு உள்ளே போய்த் தாமே கயிற்றை இழுத்து மணியை அடிப்பார்; தங்களுக்குக் குரு வந்துவிட்டார் என்று ஊரார் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.