பனெத்தோனேவைச் சுட்டதும் தலைகீழாகத் தொங்கவிடுவது ஏன்? வீட்டில் எப்படிச் செய்வது?

அமுங்கிவிடாமல் இருக்கத்தான். மிலான் நகரத்தின் இந்தக் கிறிஸ்துமஸ் ரொட்டியில் வெண்ணெய் மிக அதிகம். இத்தாலியின் 2005 ஆணைப்படி, பனெத்தோனே என்ற பெயரில் விற்க வெண்ணெய் குறைந்தது 16 சதவீதமும், உலர்திராட்சையும் சர்க்கரைப்பாகில் ஊறிய பழத்தோலும் சேர்ந்து 20 சதவீதமும் இருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது வெண்ணெய் உருகிய நிலையில்தான் இருக்கும். உள்ளே ரொட்டியைத் தாங்கும் மாவின் புரத வலையும் இறுகியிருக்காது. நிமிர்த்தி வைத்தால் தன் எடையாலேயே நடுவில் குழி விழும்.

ஓவனில் வைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் தயாராக வையுங்கள். வெளியே எடுத்ததும், காகித அச்சின் அடியிலிருந்து சுமார் 2 செ.மீ. உயரத்தில் இரண்டு நீளக் கம்பிகளை இணையாகக் குத்துங்கள். உடனே கவிழ்த்து, ஆழமான பாத்திரத்தின் விளிம்பில் கம்பிகள் தாங்கும்படி மாட்டுங்கள். உச்சி எதிலும் படக்கூடாது. ஓரிரு நிமிடம் தாமதித்தாலே சரியத் தொடங்கிவிடும். இரவு முழுக்க, 8 முதல் 12 மணி நேரம், அப்படியே தொங்கட்டும்.

கம்பியிலிருந்து கழன்று விழுந்தால் பெரும்பாலும் காரணம் வேகாத நடுப்பகுதிதான். மேல்நிறத்தை நம்பாதீர்கள், அது சீக்கிரமே கருத்துவிடும். வெப்பமானியைக் குத்தி, நடுவில் 92–94 டிகிரி செல்சியஸ் வந்ததும் எடுங்கள்.

பரிசாகக் கொடுப்பதானால் முழுக்க ஆறிய பிறகே உறையில் இடுங்கள். வெதுவெதுப்போடு கட்டினால் உள்ளே நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். மிலான்காரர்கள் ஒரு துண்டை எடுத்துவைத்து பிப்ரவரி 3, புனித பிளேசியஸ் நாளன்று சாப்பிடுவார்கள். தொண்டை நோய் அண்டாது என்பது நம்பிக்கை.