பழைய கேம்கோடர் டேப்புகளைக் கடையில் கொடுக்கலாமா, நாமே கம்ப்யூட்டரில் ஏற்றலாமா?

முடிந்தவரை நீங்களே ஏற்றுங்கள். கடையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ஒலியில் கை வைக்காமல், டேப்பில் உள்ளதை உள்ளபடியே கோப்பாகத் தர வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். எங்கள் குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் இருப்பதைப் போல, வளைகுடாவில் வேலை பார்த்தவர் வாங்கி வந்த, சின்ன டேப் போடும் மினிடிவி (MiniDV) கேம்கோடர்தான் உங்களிடமும் இருக்கும் என்று கருதி எழுதுகிறேன்.

கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் பாட்டி அக்கானி (பதநீர்) காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவதை அப்பா 2003-இல் படம்பிடித்தார். பாகு பதத்துக்கு வந்துவிட்டதா என்று ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்துவிட்டு, கேமராவின் பக்கம் திரும்பாமலேயே, "மக்களே, மாறி நில்லு, தெறிக்கும்" என்று பாட்டி சொல்வார். பின்னாளில் அதை டிவிடியாக்கித் தந்த ஸ்டுடியோக்காரர், வெறும் இரைச்சல்தானே என்று அந்த ஒலி முழுவதையும் நீக்கிவிட்டுச் சினிமாப் பாட்டைச் சேர்த்திருந்தார். பாட்டியின் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. தொழில் செய்பவர்கள் எல்லோரையும் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். நேர்த்தியாகச் செய்து தருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு குடும்பத்தின் பேச்சை அழிக்க எவருக்கும் உரிமை கிடையாது.

டேப் பத்திரமாக இருந்ததால், மேசைக் கணினியில் ஃபயர்வயர் கார்டு (கேம்கோடரின் டிஜிட்டல் கேபிளைச் செருகும் அட்டை) பொருத்தி, அதே கேம்கோடரை இணைத்து, வின்டிவி (WinDV) என்ற இலவச மென்பொருளால் நானே ஏற்றினேன். மினிடிவியில் படம் டிஜிட்டலாகவே பதிவாகியிருப்பதால் இந்த வழியில் தரம் குறையாது. ஒரு மணி நேர டேப் ஏற ஒரு மணி நேரமும், ஏறத்தாழ 13 ஜிபி இடமும் வேண்டும். 4.7 ஜிபி டிவிடிக்குள் அதை அடைக்க வேண்டுமென்றால் படத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். அனலாக் படத்தை டிஜிட்டலாக்கும் யூஎஸ்பி கேப்சர் கருவி போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். விஎச்எஸ், ஹை8 போன்ற அனலாக் டேப்புகளுக்கு அது பொருந்தும், மினிடிவிக்கு அது வீண் சுற்று.

இரண்டு பருவமழையும் பெய்யும் நம் ஊரில் ஈரத்தால் டேப்பில் பூசணம் பிடிக்கும். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி போலத் தெரிந்தால் அதை ஓட்டவே வேண்டாம். கேம்கோடரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் டேப்புக்கும் பரவும். நன்றாக உள்ளவற்றை முதலில் ஏற்றிவிட்டு, பூசணம் பிடித்ததைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். உங்கள் கேம்கோடர் ஓடவில்லையென்றால் உறவினரிடம் இரவல் வாங்கியாவது விரைவில் முடித்துவிடுங்கள்; பழுதானால் மாற்றப் புதிய உதிரிப்பாகம் கிடைப்பது அரிதாகிவிட்டது.