தனிமைக்கு எங்கே நேரம்? கேள்வி பதில்

மௌனமாக இருந்து தியானம் பழகும் விபாசனா பத்து நாள் முகாம்களில் உட்கார்ந்தும், சமையல்கூடத்தில் சேவை செய்தும் வருகிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, ஐடி வேலை. இரவு 11 மணிக்கு மேல்தான் எனக்கென்று நேரம் கிடைக்கிறது. அப்போது தியானம் பண்ணலாமா? (தாம்பரம்)

வேண்டாம் தம்பி. தூக்கத்தில் கை வைக்காதீர்கள். வேலை முடிந்து ரயிலில் இருந்து இறங்கியதும் நேராக வண்டி எடுக்காமல், பிளாட்பார பெஞ்சில் கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள். போன் பைக்குள் இருக்கட்டும். தாமதமாக வருவேன் என்று வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் எடுத்த நேரத்தில் மனம் அமைதியாகாது.

பத்து நாள் முகாமில் என்ன நடக்கும்? கட்டணம் எவ்வளவு? (சேலம்)

கட்டணம் இல்லை. ஒரு முகாமை முடித்தவர்கள் தரும் நன்கொடையில்தான் அடுத்தவர்களுக்கு நடக்கிறது. பர்மாவில் பிறந்த எஸ்.என். கோயங்கா, அங்கே ஊ பா கின் என்ற தியான ஆசிரியரிடம் கற்று, 1969-ல் இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கிய முறை இது. சென்னைப் பக்கம் திருமுடிவாக்கத்தில் மையம் இருக்கிறது. காலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள். 11 மணிக்குச் சாப்பாடு, மாலையில் சிற்றுண்டி, இரவு 9.30-க்குப் படுக்கை. போனைப் போய்ச் சேர்ந்த அன்றே வாங்கி வைத்துவிடுவார்கள். புத்தகமும் பேனாவும்கூடக் கிடையாது. ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கலாம், சேவகர்களிடம் தேவையைச் சொல்லலாம். மற்றவர்களிடம் பத்தாம் நாள் வரை சைகைகூடக் கூடாது. முகாம் தொடங்குவதற்கு முந்தின நாள் மாலையே போய்ச் சேர்ந்து பதினோராம் நாள் காலை கிளம்புவதால், லீவு 12 நாள் போடுங்கள். இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் பலருக்கும் ஓடிப்போகத் தோன்றும். அன்று முடிவு எடுக்காதீர்கள், ஆசிரியரிடம் பேசுங்கள்.

மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நான் போகலாமா?

மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. விண்ணப்பத்தில் மறைக்கவும் கூடாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

எந்த ஆப் நல்லது?

எதுவும் வேண்டாம். போன் வேறு அறையில் இருக்கட்டும்.

அக்கா, என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் பத்து நாள் போய்விட்டு "மனசு லேசாயிடுச்சு" என்று வருகிறார். அந்தப் பத்து நாளும் இரண்டு பிள்ளைகள், மாமியார், என் வேலை எல்லாம் என் தலையில். எனக்கு எப்போது? (கோவை)

உங்கள் கேள்விதான் இன்றைக்கு முக்கியம். அவருடைய மௌனத்துக்கான உழைப்பு உங்களுடையது. அவர் அடுத்த முறை விண்ணப்பிக்கும் அன்றே உங்கள் நாட்களையும் காலண்டரில் குறிக்கச் சொல்லுங்கள். "நீயும் அம்மா வீட்டுக்குப் போயிட்டு வாயேன்" என்பது கணக்கில் சேராது, பிள்ளைகளும் கூடவே வருவார்கள்.

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அவர் அமைதியாகத் திரும்பினால் குடும்பத்துக்கும் நல்லதுதானே? (திருச்சி)

நல்லதுதான் சார். அந்த நல்லது அம்மாவுக்கும் கிடைத்தால் குடும்பத்துக்கு இன்னும் நல்லது.

பெண்களுக்குக் கோயில் இருக்கிறதே, அது தனிமை இல்லையா? (திருச்சி, மறுபடியும்)

நீங்களே பாருங்கள், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற பெண் கையில் குழந்தை, பையில் எண்ணெய், மனதில் திரும்பிப் போய் வைக்க வேண்டிய குழம்பு. அவர் மனமார வேண்டிக்கொள்கிறார், உண்மை. ஆனால் தனியாக இல்லை. நான் கேட்பது ஞாயிறு காலை 6 முதல் 8 வரை. அந்த நேரம் பால், காபி, பிள்ளைகள், பெரியவர்கள் எல்லாம் ஆண் பொறுப்பு. "டப்பா எங்கே?" என்று போன் வரக் கூடாது. அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன செய்தாள் என்று அவள் கணக்குச் சொல்லவும் வேண்டாம். எங்கள் குழுவில் இதைத் தொடங்கிய வீடுகளில் முதல் சில வாரம் சண்டைதான் வந்தது. பிறகு அப்பாவுக்கு டப்பாக்கள் தெரிந்துவிட்டன.

மாமியார் சம்மதிக்க மாட்டார். (கோவை)

அவருக்கும் ஒரு மணி நேரம் கொடுங்கள் அம்மா. இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

காலை 3 மணிக்கு எழுந்தால் அமைதியாக இருக்குமே?

எட்டு மணிக்கே படுப்பீர்கள் என்றால் சரி. இல்லையென்றால் மேலே தாம்பரத்துக்குச் சொன்னதுதான்: தூக்கத்தில் கை வைக்காதீர்கள்.

ஐந்து நிமிஷத்துக்கு ஏதாவது ஆப்...

ஆப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். இனி அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

ஒரே அறை வீடு, ஐந்து பேர். கதவைச் சாத்தவே வழியில்லை. (மதுரை)

சத்தம் எல்லோரையும்தான் துரத்தியிருக்கிறது. ரமணர் 1896-ல் திருவண்ணாமலை வந்து ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தபோது சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். கீழே பாதாள லிங்க அறைக்குள் போய்விட்டார். இடம் மாறுவதில் தவறே இல்லை. பக்கத்தில் கிளை நூலகம் இருக்கும். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் போகலாம். செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மொட்டை மாடி இருந்தால், துணி எடுக்கப் போகும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

திருவண்ணாமலைக்கே போகலாமா?

போங்கள், பௌர்ணமி அன்று மட்டும் வேண்டாம், கிரிவலக் கூட்டம் இருக்கும். மலைமேல் ரமணர் தங்கியிருந்த கந்தாஸ்ரமத்துக்குக் காலையிலேயே ஏறுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கோவை அம்மா, உங்கள் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.