ஏர் ஃப்ரையர் வந்த வீட்டில் வாணலி வேண்டாமா?

கேள்வி: பெங்களூரில் இருக்கும் மகன் ஏர் ஃப்ரையர் வாங்கி அனுப்பியிருக்கிறான். "இனிமேல் வாணலியில பொரிக்காதீங்கம்மா, இதுதான் உடம்புக்கு நல்லது" என்கிறான். என் கணவருக்குச் சர்க்கரை இருக்கிறது. உருளைக்கிழங்கு வறுவல் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. இதில் செய்தால் தினமும் கொடுக்கலாமா? மீனையும் இதிலேயே வறுக்கலாமா?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: தினமும் வேண்டாம் அம்மா. என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருபவர்கள் பலர் இந்த இடத்தில்தான் ஏமாந்து போகிறார்கள். எண்ணெய் இல்லையே என்ற தைரியத்தில், எப்போதோ செய்த வறுவல் தினமும் தட்டுக்கு வந்துவிடுகிறது. அந்த மெஷின் குறைப்பது எண்ணெயை மட்டும்தான். கிழங்கின் மாவுச்சத்து கொஞ்சமும் குறையாது. வறுவல் செய்யும் நாளில் அவருக்குச் சோற்றை ஒரு கரண்டி குறைத்து, கீரையோ அவரைக்காய்ப் பொரியலோ கூட வையுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் உங்கள் மகன் சொல்வது சரிதான். மேலே சூடேறும் கம்பிச்சுருள், அந்தச் சூட்டைச் சுழற்றியடிக்கும் விசிறி, அவ்வளவுதான் அந்த மெஷின். கால் கிலோ கிழங்குக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் பிசறினால் போதும். அது ஏறக்குறைய 45 கலோரி. முழுகப் பொரித்தால் எவ்வளவு குடிக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். வாணலியில் எண்ணெயை அளந்து ஊற்றுங்கள், பொரித்து ஆறியபின் மிச்சத்தை அளந்து பாருங்கள். குறைந்ததில் பெரும்பகுதி உங்கள் வயிற்றில்தான் இருக்கும்.

ஆனால் மீன் கதை வேறு. சீலா மீனைத் தோசைக்கல்லில் இரண்டு ஸ்பூன் எண்ணெயில் வறுப்பவர் என்றால், ஏர் ஃப்ரையரால் பெரிய லாபம் கிடையாது. கல்லிலேயே வறுங்கள், ருசியும் இருக்கும். இதுவரை முழுகப் பொரித்து வந்தீர்கள் என்றால் மாற்றிக்கொள்வது நல்லது.

இன்னொன்று சொல்ல வேண்டும். கிழங்கு போன்ற மாவுப்பொருள் 120 டிகிரிக்கு மேல் சூடாகிச் சிவக்கும்போது அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாகிறது. புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று சந்தேகப்படும் பொருள் இது. உணவில் இது இருப்பதை 2002-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் வெளியே சொன்னார்கள். எண்ணெயில் பொரித்தால்தான் வரும் என்றில்லை, ஏர் ஃப்ரையரிலும் வரும். அதனால் நறுக்கிய கிழங்கை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, துணியில் ஒற்றி எடுத்து, அப்புறம் செய்யுங்கள். பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். முறுகலுக்காகக் கருக விடாதீர்கள். உருளைக்கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்கவும் வேண்டாம். குளிரில் அதன் இனிப்பு கூடி, வறுக்கும்போது அக்ரிலமைடும் கூடும்.

கடையில் விற்கும் உறைய வைத்த ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் பாக்கெட்டை நம்பாதீர்கள். பெரும்பாலும் ஏற்கெனவே எண்ணெயில் பாதி பொரித்துத்தான் பாக்கெட்டில் போடுகிறார்கள்.

உளுந்து வடை, பஜ்ஜி எல்லாம் இந்த மெஷினுக்கு ஒத்துவராது, மாவு கூடையின் துளை வழியே ஒழுகிவிடும். அப்பளம் நன்றாகப் பொரியும். ஆனால் காற்றில் பறந்து மேலே கம்பியில் ஒட்டாமலிருக்க ஒரு சின்னக் கம்பித்தட்டை அதன்மேல் கவிழ்த்து வையுங்கள்.

நாள் கிழமைக்குப் புது எண்ணெயில் சுட்ட இரண்டு வடையை நான் யாரிடமும் தடுத்ததில்லை. என் கவலையெல்லாம் அடுப்பு மேடையில் மூடி வைத்திருக்கும் அந்தப் பழைய எண்ணெய்தான். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கெட்ட சேர்மங்கள் சேர்ந்துகொண்டே போகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் விதியே நடைமுறைக்குக் கொண்டு வந்தது. வீட்டில் அளக்கக் கருவி இல்லை, கண்ணும் மூக்கும் போதும். கறுத்திருந்தால், நுரைத்தால், பிசுபிசுத்தால், சீக்கிரமே புகைந்தால் கொட்டிவிடுங்கள். ஒரு தடவை பொரித்த நல்ல எண்ணெயை வடிகட்டி, ஓரிரு நாளுக்குள் தாளிக்கவோ குழம்புக்கோ தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம்.

சரி, உங்கள் கணவருக்கு எது ஒத்துக்கொள்கிறது என்பதை வீட்டு மீட்டரிலேயே பாருங்கள். வறுவல் சாப்பிட்ட நாளிலும் சாப்பிடாத நாளிலும், சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்த்து எழுதி வையுங்கள். அந்தத் தாளை அடுத்த முறை டாக்டரிடம் கொண்டுபோங்கள்.