நூற்றில் ஒன்று (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். 2010இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தின்போது நம் டர்பன் மோசஸ் மபிதா அரங்கத்தில் குவாண்டம் மறையாக்க இணைப்பு, அதாவது யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி செய்தியைப் பூட்டி அனுப்பும் இணைப்பு ஒன்று ஓடியதாக எழுதியிருந்தீர்கள். அடிக்கடி அந்த வழியாகப் போகிறவள் நான், இது தெரியாமலே இருந்திருக்கிறேன். மேசை நிறைய இருந்த குவாண்டம் கருவிகள் இப்போது ஒரு சிப்புக்குள் வந்துகொண்டிருக்கின்றன என்றும் சொன்னீர்கள். என் மகன் வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்கும் வேலை பார்க்கிறான். அவனிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அதெல்லாம் டாக்டர் பட்டம் வாங்கினவங்க வேலைம்மா. கேபிள் ஒட்டுறவனுக்கு அதுல என்ன இருக்கு?" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

அன்புள்ள அம்மா,

உங்கள் மகன் இரண்டு ஃபைபர்களை உருக்கி ஒட்டியதும் ஸ்ப்ளைசிங் மெஷின் திரையில் ஒரு எண் வரும். 0.02 டெசிபெல், 0.05 டெசிபெல் என்று. அந்த ஒட்டில் எவ்வளவு ஒளி வீணாகிறது என்ற மதிப்பீடு அது. 0.05 என்றால் நூற்றில் சுமார் ஒரு பங்கு போயிற்று. அவன் தொழிலில் அது நல்ல ஒட்டு, பெட்டியை மூடிவிட்டுக் கிளம்பலாம். குவாண்டம் சிப் செய்கிறவர்கள் வருடக்கணக்காகப் போராடுவது அந்த நூற்றில் ஒன்றோடுதான்.

வீட்டு இணையத்தில் ஒரு பிட் தகவலைச் சுமந்து ஆயிரக்கணக்கான ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள் வருகின்றன. வழியில் பாதி தொலைந்தாலும் மீதி போதும். தூரம் அதிகமென்றால் நடுவில் ஒளியை வலுவாக்கும் பெருக்கி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். குவாண்டத்தில் ஒற்றை ஃபோட்டானே செய்தி. முன்பின் தெரியாத ஒரு குவாண்டம் நிலையை நகலெடுக்க இயற்கை விடுவதில்லை. ஒட்டுக்கேட்பவனால் நகலெடுக்க முடியாததால்தான் அந்த அரங்கத்து இணைப்புக்குப் பாதுகாப்பு. அதே விதி நம் கையையும் கட்டிப்போடுகிறது, நாமும் நகலெடுத்துப் பெருக்க முடியாது. தொலைந்த ஃபோட்டான் தொலைந்ததுதான்.

இனி சிப்புக்கு வருகிறேன். சிலிக்கன் தகட்டில் அரை மைக்ரான் அகலத்துக்கு ஒளி ஓடும் வாய்க்கால்களைச் செதுக்குகிறார்கள். வேவ்கைடு என்று பெயர். சுற்றியிருக்கும் சிலிக்காவைவிடச் சிலிக்கனின் ஒளிவிலகல் எண் இரண்டு மடங்குக்கும் மேல், அதனால் ஒளி கரை தாண்டாது. இரண்டு வாய்க்கால்களை மிக நெருக்கமாக ஓடவிட்டால் ஒளி ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும். ஒன்றின்மேல் சின்ன ஹீட்டர் வைத்துச் சூடேற்றினால் ஒளி அலையின் கட்டம் (ஃபேஸ்), அதாவது அதன் ஏற்ற இறக்கம் வரும் நேரம், மாறும். பெரும்பாலான வேலை இந்த இரண்டு உத்திகளால் நடக்கிறது. 2008இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் குவாண்டம் கணக்குகளுக்கு அடிப்படையான லாஜிக் கேட் ஒன்றைச் சிப்பில் செய்து காட்டினார்கள். 2018இல் அதே பல்கலைக்கழகம் முன்னின்று செய்த சிப்பில் 550க்கும் மேற்பட்ட உறுப்புகள். 2025இல் கனடாவின் சனாடு நிறுவனம் வெளியிட்ட அரோரா என்ற குவாண்டம் கணினியில் 35 சிப்புகள், கூடவே 13 கிலோமீட்டர் ஃபைபர். இந்த வரியை மட்டும் மகனுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள்.

ஒரு ஃபோட்டான் நூறு உறுப்புகளைக் கடக்கிறது, ஒவ்வொன்றிலும் நூற்றில் ஒன்றுதான் இழப்பு என்று வைத்துக்கொள்வோம். அது மறுமுனைக்கு வந்து சேர 37 சதவீத வாய்ப்பு. சரி, மோசமில்லை என்று தோன்றும். ஆனால் கணக்குக்குப் பத்து ஃபோட்டான்கள் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால், பத்தும் வந்து சேர்வது சுமார் 23,000 முயற்சிக்கு ஒரு தடவை!

சிப்புக்குள் ஏற்படும் இழப்பைவிட அதன் வாசலில் ஏற்படும் இழப்பே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஃபைபரின் உள்கரு சுமார் 9 மைக்ரான், சிப்பின் வாய்க்கால் அரை மைக்ரான். வாய்க்காலின் முனையைக் கூராக்கி ஒளியை விரியவைத்தோ, மேற்பரப்பில் நுண்ணிய வரிகள் கீறி ஒளியை மேலிருந்து இறக்கியோ இரண்டையும் சேர்க்கிறார்கள். அப்புறம் புறஊதா ஒளியில் இறுகும் பசை. இறுகும்போது பசை சுருங்கும், ஃபைபர் ஒரு மைக்ரான் நகர்ந்தாலே ஒளி குறைந்துவிடலாம். ஓர் ஆய்வகத்தில் இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், மூச்சைக்கூட அளந்து விட்டபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். தட்டார் மூக்குத்திக்குக் கல் பதிக்கும்போது பார்த்திருப்பீர்களே, அதே அமைதி. அவர் டாக்டர் பட்டம் வாங்கியவர் இல்லை, டெக்னீஷியன்.

ஒளியைத் தரும் லேசரும் அதைப் பிடிக்கும் உணரியும் இதே கதைதான். சிலிக்கன் நன்றாக ஒளி உமிழாது, இண்டியம் பாஸ்பைடு போன்ற வேறொரு பொருளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒற்றை ஃபோட்டானைப் பிடிக்கும் மீகடத்தி உணரிகளை மைனஸ் 270 டிகிரிக்குப் பக்கத்தில் குளிர்விக்க வேண்டும். அங்கேயும் ஒட்டுகள், அங்கேயும் இழப்பு.

நாளைக்கே அவனுக்கு இதில் வேலை கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஒளியியல் படிக்க வேண்டும், ஒளியின் முனைவாக்கம் (ஒளி அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பது) என்னவென்று புரிய வேண்டும், அதற்குச் சில வருடங்கள் ஆகும். ஆனால் ஃபைபரைச் சுத்தமாக வெட்டவும், தூசியை மதிக்கவும், டெசிபெலில் யோசிக்கவும் அவனுக்கு ஏற்கெனவே தெரியும். பட்டப்படிப்பு முடித்துவிட்டு ஆய்வகத்துக்கு வரும் பலர் முதல் வருடம் முழுக்கக் கற்றுக்கொள்வது இதைத்தான். நம் நாட்டிலும் வேலை நடக்கிறது. ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகக் குழு சீனக் குழுவோடு சேர்ந்து, ஜினான்-1 செயற்கைக்கோள் வழியாக 12,900 கிலோமீட்டர் தூரத்துக்குச் செய்தியைப் பூட்டும் குவாண்டம் சாவியைப் பகிர்ந்தது 2025இல்தான் வெளியானது.

அடுத்த தடவை 0.05 என்று வந்தால், நேரம் இருந்தால், அந்த ஒட்டை வெட்டிவிட்டு இன்னொரு தடவை ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 0.01க்கு இறங்குகிறதா, எதை மாற்றியதால் இறங்கியது என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கட்டும். பத்துப் பதினைந்து எண்கள் சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்